ஓஹ்ரிட்டில் எந்தத் தேவாலயங்களைப் பார்ப்பது?

பால்கன் பயணத்தில் வட மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஊருக்கு இரண்டு நாள் வைத்திருக்கிறீர்கள். அங்கே 365 தேவாலயங்கள் இருக்கிறதாகப் படித்தீர்கள், எதைப் பார்ப்பது, எதை விடுவது, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், ஏரிக்கரைப் பாறை மேல் நிற்கும் அந்தப் பிரபலமான தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏரியில் குளித்துவிட்டு வந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது என்றுதான் சொல்வேன். இந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்த ஊர், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 365. அது ஊர்ப் பேச்சு. வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று அங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. ஆனால் பழைய ஊருக்குள் ஏறி இறங்கும் சந்துகளில் நடந்தால் அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று புரிந்துவிடும், ஒரு வீட்டு மதில் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கோவில், அடுத்த திருப்பத்தில் இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், அதை மறுக்கவில்லை. கல்லும் செங்கல்லும் மாறி மாறி அடுக்கிய சுவர், ஓட்டுக் கூரை, பெரியதாக இருந்தால் நடுவில் ஒரு குவிமாடம். வித்தியாசமெல்லாம் உள்சுவர்களிலும், எந்த இடத்தில் எதை இடித்து எதைக் கட்டினார்கள் என்பதிலும் இருக்கிறது. ஓஹ்ரிட்டில் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் ‘இது முன்னால் என்னவாக இருந்தது?’ என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பாதி ஊர் அதிலேயே புரிந்துவிடும்.

அதனால்தான் ப்ளாவோஷ்னிக்கில் தொடங்கச் சொல்கிறேன். கோட்டைக்குக் கீழே, ஏரியைப் பார்த்தபடி இருக்கும் மேடு அது. அங்கே நிற்கும் தேவாலயம் பளபளவென்று புதிதாக இருக்கும், 2002-இல் திறந்தது, பார்த்தவுடன் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் உள்ளே தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், அதன் வழியாகக் குனிந்து பாருங்கள், பழைய அடித்தளம் தெரியும். 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புனித க்ளிமென்ட் தன் மடத்தை அமைத்த இடம் அதுதான்.

க்ளிமென்ட் யார் என்று தெரியாமல் ஓஹ்ரிட்டைப் பார்க்க முடியாது. ஸ்லாவ் மக்களின் பேச்சுக்கு முதன்முதலில் எழுத்து அமைத்துக் கொடுத்த சிரில், மெத்தோடியஸ் என்ற இரு சகோதரர்களின் சீடர் அவர். 885-இல் மொராவியாவில் (இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பக்கம்) மெத்தோடியஸ் இறந்ததும், லத்தீன் வழிபாட்டை ஆதரித்தவர்கள் இந்தச் சீடர்களை விரட்டிவிட்டார்கள். தப்பி வந்தவர்களை வரவேற்றவர் பல்கேரிய அரசர் போரிஸ். அவர்தான் க்ளிமென்ட்டை இந்த மலைப்பக்கத்துக்கு அனுப்பினார். இங்கே வந்தவர் ஏழு வருஷம் ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார், மொத்தம் 3,500 மாணவர்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அதை எழுதியவர் பிற்பாடு இதே ஓஹ்ரிட்டில் பேராயராக இருந்த தியோஃபிலாக்ட், கிரேக்கர். 893-இல் க்ளிமென்ட் ஆயரானார், 916-இல் இறந்தார், தன் மடத்திலேயே அடக்கமானார். இன்றைக்கு பல்கேரியர்களும் எங்களவர் என்கிறார்கள், மாசிடோனியர்களும் எங்களவர் என்கிறார்கள். அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் ஸ்லாவ் மொழியில் ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குப் பின்னால் இந்த மேட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாம் ‘மடம்’ என்றவுடன் தியானமும் மௌனமும் நினைக்கிறோம், இது முதலில் ஒரு பள்ளிக்கூடம்.

அப்புறம் என்ன ஆனது? ஒஸ்மானியத் துருக்கியர் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில், க்ளிமென்ட்டின் தேவாலயம் போய் அந்த இடத்தில் ஒரு பள்ளிவாசல் வந்தது. க்ளிமென்ட்டின் எலும்புகளை எடுத்துக்கொண்டு மக்கள் ஊருக்குள் இன்னொரு தேவாலயத்துக்குப் போனார்கள் (அது எது என்று கீழே வருகிறது). 2000-இல் பள்ளிவாசலின் மிச்சத்தையும் எடுத்துவிட்டு, பழைய அடித்தளத்தின் மேல் இன்றைய தேவாலயத்தைக் கட்டினார்கள், 2002-இல் எலும்புகளில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதில் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஐந்நூறு வருஷம் நின்றதும் அந்த ஊரின் சரித்திரம்தான், அதை எடுத்தது ஊர் முஸ்லிம்களுக்கு வலித்தது, அந்த வலி நியாயமானது. க்ளிமென்ட் தன் இடத்துக்குத் திரும்பிய சந்தோஷமும் உண்மையானது. இரண்டையும் வைத்துக்கொண்டே அந்த முற்றத்தில் நில்லுங்கள்.

பக்கத்திலேயே இதற்கெல்லாம் முந்தைய காலம் கிடக்கிறது. ஊருக்கு லிக்னிடோஸ் என்று பெயர் இருந்த நாளில், அட்ரியாடிக் கரையிலிருந்து கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போகும் ரோமானியப் பெருவழியான எக்னாஷியா சாலை இந்த வழியாகத்தான் போனது. அந்தக் காலத்துப் பெரிய தேவாலயம் ஒன்றின் தரை ஓவியங்கள், சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துச் செய்தவை, கூரை போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டி இருந்த பகுதியை நிதானமாகப் பாருங்கள்.

சரி, அங்கிருந்து இறங்கி புனித சோஃபியா. அரை நாள் ஒதுக்கினாலும் தகும். கதை மேல் கதை அடுக்கிக் கிடக்கிறது.

1018-இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) பேரரசர் இரண்டாம் பாசில் பல்கேரிய அரசை வீழ்த்தினார். ஓஹ்ரிட் அதற்கு முன் ஜார் சாமுவேலின் தலைநகர், மேலே தெரியும் கோட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது. பாசில் இங்கிருந்த திருச்சபையை ஒழித்துவிடாமல், தன்னாட்சியுள்ள ஓஹ்ரிட் பேராயமாக வைத்துக்கொண்டார். பால்கனில் பெரும்பகுதி அதன் ஆளுகையில் இருந்தது, பல ஆட்சிகள் மாறியும் 1767 வரை பிழைத்திருந்தது. அந்தப் பேராயரின் இருக்கைதான் புனித சோஃபியா. இன்றைய மாசிடோனிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தன்னை அந்தப் பேராயத்தின் தொடர்ச்சி என்றுதான் சொல்கிறது. 1967-இல் தன்னிச்சையாகப் பிரிந்த அதை மற்றவர்கள் ஏற்க 2022 வரை ஆனது. அப்போதுகூட கான்ஸ்டான்டினோபிள் தலைமைத் திருச்சபை ‘மாசிடோனியா’ என்ற பெயரைத் தவிர்த்து ‘ஓஹ்ரிட்’ என்ற பெயரைத்தான் ஏற்றது. அவ்வளவு கனம் அந்தப் பெயருக்கு.

புனித சோஃபியாவில் இன்று நாம் பார்க்கும் பழைய ஓவியங்கள் பேராயர் லியோவின் காலத்தவை. 1037 முதல் 1056 வரை இருந்தவர். 1053-இல் இந்த லியோ ஒரு கடிதம் எழுதினார், தெற்கு இத்தாலியில் த்ரானி ஊர் ஆயருக்கு. விஷயம் அப்பம். திருப்பலியில் மேற்கே புளிப்பில்லாத அப்பம் வைக்கிறார்களே, அது தவறு, புளித்த மாவில் செய்த அப்பம்தான் சரி என்று வாதம். அந்தக் கடிதம் லத்தீனுக்குப் போய், போப்பின் கைக்குப் போய், பதிலுக்குப் பதில் சூடேறி, 1054-இல் ரோமும் கான்ஸ்டான்டினோபிளும் ஒன்றையொன்று சாபமிட்டுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரணங்கள் இன்னும் பல உண்டு, கடிதம் ஒன்றால் மட்டும் சபை பிளக்கவில்லை. ஆனால் கிளறிய கை இந்தத் தேவாலயத்துக்காரருடையது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பலிபீடத்துக்குப் பின்னால் வளைந்திருக்கும் சுவரைப் பாருங்கள். மேலே குழந்தையோடு மரியாள். அதற்குக் கீழே இயேசு திருத்தூதர்களுக்கு நற்கருணை கொடுக்கும் காட்சி. இயேசு பலிபீடத்துக்குப் பின்னால் பூசை வைக்கும் குருவைப் போல நிற்கிறார், கையில் அப்பம், நாம் பார்க்கும்படி தூக்கிப் பிடித்திருக்கிறார். கலை வரலாற்றுக்காரர்கள் பலர் இந்த அப்பத்தையும் லியோவின் வாதத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள், நேரில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. அதே லியோவின் தேவாலயத்தில் பழைய ரோம் போப்புகளின் உருவங்களும் சுவரில் இருக்கின்றன என்பது இன்னும் ஆச்சரியம். சண்டை மேற்கோடு, ஆனால் பழைய போப்புகள் எல்லோருக்கும் பொதுவான பெரியவர்கள். பக்கச் சுவர்களில் வரிசையாகக் குனிந்து வரும் தேவதூதர்களை விட்டுவிடாதீர்கள், அவ்வளவு பெரிய உருவங்கள் அத்தனை மென்மையாகக் குனிவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இத்தனையும் எப்படித் தப்பியது தெரியுமா? ஒஸ்மானியர் இதைப் பள்ளிவாசலாக்கியபோது சுவர்களை வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். கெடுதலும் அதுதான், காவலும் அதுதான். பல நூற்றாண்டு சுண்ணாம்புக்குக் கீழே கிடந்த ஓவியங்களை 1950-களில் வெளியே எடுத்தார்கள், அந்தச் சமயத்தில்தான் சாய்ந்துகொண்டிருந்த சுவரையும் ஓவியத்தோடு சேர்த்து நிமிர்த்தினார்கள், யுனெஸ்கோ அனுப்பிய நிபுணர்கள் அதற்கு வழிகாட்டினார்கள். பள்ளிவாசல் காலத்து மிம்பர், அதாவது பிரசங்க மேடை, இன்னும் உள்ளேயே நிற்கிறது. அதை எடுக்காமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வெளியே வந்து ஏரிப்பக்கத்து முகப்பைப் பாருங்கள், இரண்டடுக்குத் தூண் வரிசையோடு அரண்மனை மாதிரி இருக்கும், அது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராயர் கிரெகரி சேர்த்தது. பர்ஸில் 1000 தெனார் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், இந்தத் தேவாலயம் அதில் இருக்கும். கோடையில் போனால் உள்ளே இசை நிகழ்ச்சிகளும் நடக்கும், 1961-இல் தொடங்கிய ஓஹ்ரிட் கோடை விழாவின் முதல் கச்சேரியே இங்கேதான்.

அடுத்து மேட்டின் மேல், மேல்வாசல் பக்கத்தில், பெரிவ்லெப்தோஸ் தேவாலயம். க்ளிமென்ட்டின் எலும்புகள் வந்து சேர்ந்த இடம் இதுதான், அதனால் ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டாக இதைப் ‘புனித க்ளிமென்ட்’ என்றே சொல்லி வந்தார்கள். சோஃபியா பள்ளிவாசலானதும் பேராயரும் இங்கேதான் வந்தார். கட்டியது 1295, பணம் கொடுத்தவர் ப்ரோகோன் ஸ்கூர் என்ற பைசாந்தியப் பிரபு, பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிக்கோஸின் உறவுக்காரர், வாசலுக்கு மேலே கல்வெட்டு இருக்கிறது.

ஓஹ்ரிட்டில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் என்றால் இதைப் பாருங்கள்.

தெசலோனிக்கியைச் சேர்ந்த மிகாயில் அஸ்த்ராபாஸ், யூதிகியோஸ் என்ற இரண்டு ஓவியர்கள் இதன் சுவர் முழுவதும் வரைந்திருக்கிறார்கள். பைசாந்திய ஓவியர் தன் பெயரை எழுதுவது அபூர்வம். இவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் சட்டென்று கண்ணில் படாதபடி, போர்வீரப் புனிதர்களின் வாளிலும் ஆடையிலும் அலங்காரம் மாதிரி கலந்து. நான் போனபோது காவலுக்கு இருந்த அம்மா தன் சின்ன டார்ச்சை அடித்து ஒரு வாளைக் காட்டினார், வாளின் நடுவில் ஓடும் கோடு என்று நான் நினைத்தது எழுத்து. நூற்றாண்டுக் கணக்கில் மெழுகுவர்த்திப் புகை படிந்து இந்தச் சுவர்களெல்லாம் கறுத்துக் கிடந்தன, சுத்தம் செய்த பிறகுதான் இந்தப் பெயர்களே வெளியே வந்தன. இதே இருவர் பிற்பாடு செர்பிய அரசர் மிலுத்தினுக்காகப் பல தேவாலயங்களில் வேலை செய்தார்கள்.

சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை வைத்து அழும் காட்சி அந்தச் சுவர்களில் இருக்கிறது. அதற்கு முன்னால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். உடல் நீளமாகக் கிடத்தியிருக்கிறது. தாய் மயங்கிப் பின்னால் சாய்கிறாள், பெண்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு அழுகிறார்கள், கையை மேலே தூக்கி அலறுகிறார்கள். பைசாந்திய ஓவியம் என்றால் அசையாத முகம், நேர்ப்பார்வை என்று படித்துவிட்டுப் போகிறோம், இங்கே வந்து பார்த்தால் சாவு வீடு. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு அழுகை. உடல்கள் கனமாக இருக்கின்றன, துணி மடிப்புகள் கல்லை வெட்டினாற்போல் விழுகின்றன. இத்தாலியின் பதுவா ஊரில் ஓவியர் ஜோத்தோ இதே காட்சியை வரைந்தது 1305 வாக்கில். மேற்கத்தியக் கலை வரலாறு மனித உணர்ச்சி அங்கேதான் ஓவியத்துக்குள் நுழைந்தது என்பது மாதிரி எழுதுகிறது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் இந்த மேட்டில் இருவர் இதைச் செய்து முடித்திருந்தார்கள். இதைப் பலர் அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம், உங்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

அதே வளாகத்தில் ஐகான், அதாவது பலகையில் வரைந்த புனிதப் படங்களின் காட்சிக்கூடம் இருக்கிறது. சிறியது, ஒரு மணி நேரம் போதும். வெள்ளித் தகடு போர்த்திய பெரிய ஐகான்கள், இரண்டு பக்கமும் வரைந்தவை. ஊர்வலத்தில் தூக்கிப் போகும்போது முன்னால் வருபவருக்கு ஒன்று, பின்னால் வருபவருக்கு ஒன்று தெரியவேண்டும் என்பதற்காக அப்படி. ஒரு ஐகானில் முன்பக்கம் மரியாளும் குழந்தையும், பின்பக்கம் மங்கள வார்த்தை, அதாவது கபிரியேல் தூதர் வந்து சொல்லும் காட்சி. தூதரின் அந்த நடையைப் பாருங்கள், இப்போதுதான் வந்து இறங்கியவர் மாதிரி இருப்பார்.

இனி நீங்கள் கேட்ட பாறை மேல் தேவாலயம். கானேயோவின் புனித யோவான். மீனவர் குடியிருப்புக்கு மேலே, ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில். 13-ஆம் நூற்றாண்டு, குவிமாடத்தின் கூரை விளிம்பு மடித்து மடித்து வளைந்து போகும், ஆர்மீனியக் கட்டடங்களின் சாயல் என்பார்கள். உள்ளே ஓவியம் கொஞ்சம்தான் மிச்சம். ஆகவே இதை இடமாகப் பாருங்கள், சாயங்காலம் போங்கள், சுவரில் சாய்ந்து உட்காருங்கள், வெயில் இறங்கும்போது ஏரி முழுக்க நிறம் மாறும். 13 லட்சம் வருஷத்துக்கும் மேல் பழமையான ஏரி அது. காலையில் அவசரமாக ஓடிப்போய்ப் படம் எடுத்துவிட்டு வருவதில் ஒன்றும் கிடைக்காது.

சந்துகளில் இருக்கும் சின்னத் தேவாலயங்களில் எது திறந்திருக்கிறதோ அதற்குள் நுழையுங்கள், பட்டியல் போட்டுத் தேட வேண்டாம். ‘ஆஸ்பத்திரி மரியாள்’, ‘ஆஸ்பத்திரி நிக்கோலாஸ்’ என்று எதிரெதிரே இரண்டு இருக்கின்றன, ஒரு காலத்தில் பக்கத்தில் நோயாளிகள் தங்கும் இடம் இருந்ததால் வந்த பெயர்கள்.

இரண்டாம் நாள் முழுக்கப் புனித நவூம் மடத்துக்கு. ஊரிலிருந்து தெற்கே 29 கிலோமீட்டர், அல்பேனிய எல்லை கூப்பிடு தூரத்தில். 1925 வரை இந்த மடம் அல்பேனியாவில்தான் இருந்தது, அப்புறம்தான் யூகோஸ்லாவியாவுக்கு வந்தது. நவூம் க்ளிமென்ட்டின் தோழர், மொராவியாவிலிருந்து சேர்ந்து விரட்டப்பட்டவர். 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மடத்தை அமைத்து 910-இல் இங்கேயே இறந்தார். அவர் கட்டியது இப்போது இல்லை, நாம் பார்ப்பது பிற்காலத்தில் மறுபடி எழுப்பியது. ஓவியங்கள் 1806-ஐச் சேர்ந்தவை, கொர்ச்சா ஊர் ஓவியர் த்ர்போ வரைந்தவை. பெரிவ்லெப்தோஸைப் பார்த்த கண்ணுக்கு இவை எளிமையாகத் தெரியும், ஆனால் நவூமின் கதைகள் அவற்றில் இருக்கின்றன. மடத்து மாட்டைக் கரடி அடித்துக் கொன்றுவிட, நவூம் அந்தக் கரடியையே நுகத்தில் பூட்டிய கதை எல்லோருக்கும் பிடிக்கும்.

நவூமின் கல்லறை ஒரு சின்ன அறைக்குள் இருக்கிறது. மக்கள் மண்டியிட்டு கல்லில் காதை வைக்கிறார்கள், புனிதரின் இதயத் துடிப்பு கேட்கும் என்ற நம்பிக்கை. நான் போன நாளில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனின் தலையை மெதுவாகக் கல்லோடு சேர்த்து வைத்தார். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான், எழுந்ததும் பாட்டியின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான், இரண்டும் ஒன்றா என்று. மனநோயாளிகளைக் கூட்டிவந்து இங்கே தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது, கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் வந்தார்கள், பெக்தாஷி என்ற சூஃபி வழியினர் நவூமைத் தங்கள் சாரி சால்துக் என்ற மகானாகவே கண்டார்கள்.

மடத்துத் தோட்டத்தில் மயில்கள் திரியும். கீழே இறங்கினால் ஊற்றுகள். மலைக்கு அந்தப் பக்கம் சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கும் ப்ரெஸ்பா ஏரியின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து கலிச்சிட்சா மலையைக் கடந்து இங்கே வந்து பொங்குகிறது. துடுப்புப் படகில் கூட்டிப் போவார்கள், தண்ணீருக்கு அடியில் மணல் கொதிப்பது கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரியும்.

நவூமுக்கு ஊரிலிருந்து ஏரிப் படகில் போனால், வழியில் படகுக்காரர் சம்மதித்தால் ஸாவும் தேவாலயத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். 1361-இல் கட்டியது, பாறைக்குக் கீழே கரையோரமாகத் தனியாக நிற்கும். அன்னாள் குழந்தை மரியாளுக்குப் பால் கொடுக்கும் ஓவியம் அங்கே இருக்கிறது, மற்ற இடங்களில் எளிதில் கிடைக்காத காட்சி.

இனி நடைமுறைக்கு வருவோம். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், பல தேவாலயங்களில் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதைப் பற்றிக் காவலர்களோடு வாதாட வேண்டாம். நுழைவுச் சீட்டுக்கு உள்ளூர்ப் பணம் கையில் இருக்கட்டும். சின்ன டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சுவரில் அடிப்பதற்கு முன் காவலரிடம் கேட்டுவிடுங்கள். சோஃபியாவுக்கும் பெரிவ்லெப்தோஸுக்கும் காலையிலேயே போய்விடுங்கள், சுற்றுலாக் கூட்டங்கள் வந்துவிட்டால் அந்த அழுகைச் சுவருக்கு முன்னால் நிற்க இடம் கிடைக்காது. நவூமிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள், தவறவிட்டால் பஸ்ஸோ டாக்ஸியோதான்.